அறுபத்திரண்டாம் வீட்டு ஊசி

மார்ச் 9

நெட்டைக்கு,

எட்டு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை மருந்து வண்டி எங்கள் நிலையத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு உங்கள் மலைக்கு ஏறுகிறது, வெள்ளிக்கிழமை திரும்புகிறது. மாத்திரைப் பெட்டியில் மேலாக இதை வைத்திருக்கிறேன். "காதல் கடிதமா?" என்று கேட்டார் ஓட்டுநர். "சண்டைக் கடிதம்" என்றேன். "அப்போ பத்திரமா கொண்டு போறேன்" என்றார்.

உன் இடத்துக்கு நான் வந்து பதினொரு நாள். ஏழு வருடம் நீ வீடு வீடாக ஏறி இறங்கிய தெருக்களில் நீ எனக்கு விட்டுப் போனது ஒரு பதிவேடு, குழந்தைகளை எடை போடும் ஒரு தொங்கு தராசு, பூட்டு உடைந்த ஓர் அலமாரி. பதிவேட்டில் இருநூற்றுப் பத்து வீடுகள். அதில் பதினான்கு வீட்டு எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். எதற்கு என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. நான் என்ன குறி சொல்கிறவளா? ஊசி போட வராமல் தவறவிடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, அந்தப் பதினான்கு வீடுகளில் முதலில் தேதி வந்த வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை, அறுபத்திரண்டாம் எண். சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெண். கதவைத் திறந்தது மாமியார். பயிற்சியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சிரித்த முகத்தோடு, நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று பளிச்சென்று சொன்னேன்.

"சுகாதார நிலையத்திலிருந்து வரேம்மா. உங்க மருமகளுக்கு மூணு மாச ஊசி. நேத்தே போட்டிருக்கணும்."

"எந்த ஊசி?"

"அதாம்மா, கருத்தடை ஊசி. நாலு வருஷமா போடுறாங்களே."

அந்தம்மாவின் தோளுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சட்டை, பல்லுக்கு நடுவில் நூல். என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள், ரொம்ப மெதுவாக. அது எனக்குப் புரிவதற்குள் என் வாய் வேலையை முடித்துவிட்டது.

மாமியார் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, எத்தனை ஊசி, எப்போதிலிருந்து, யார் போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கேட்டார்: "மூணும் பொண்ணாச்சே, ஒரு பேரன் இல்லையேன்னு எத்தனை டாக்டர் வாசல்ல நின்னிருப்பேன்? வீட்டுக்குள்ளேயே பூட்டைப் போட்டு வெச்சிருக்கீங்களே, ரெண்டு பேரும்!"

மறுநாள் காலை அவளுடைய மஞ்சள் ஊசி அட்டை நான்காகக் கிழிந்து என் மேசையில் கிடந்தது.

இரண்டு கேள்வி. அந்த வட்டம் என்றால் என்ன? அவளுக்கு நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? பயிற்சி விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்த உரிமையில் கேட்கிறேன். மற்ற கோபத்தையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்.

வத்திக்குச்சி
(நீ வைத்த பெயர்தான்)

*

மார்ச் 13

வத்திக்குச்சி,

இந்த மலையில் சிக்னல் கிடையாது என்பது பாதி உண்மை. உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை என்பது மீதி.

அரை நாளில் பெட்டி கட்டச் சொன்னார்கள். பதிவேட்டை உன் கையில் கொடுத்து எல்லாவற்றையும் விளக்க மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. அலுவலகத்தில் உன் சித்தப்பா மேசைக்கு எதிரே உட்கார்ந்து மாறுதல் உத்தரவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாய் என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் ஏழு வருடம் நடந்து பழகிய தெரு உனக்கு. ஜீப் கூட ஏறத் திணறுகிற கல் குவாரி எனக்கு. சரி, இருக்கட்டும்.

வட்டம் என்றால், வாசலில் சொல்லக் கூடாத வீடு. அந்த வீடுகளில் முதலில் தராசை எடுக்க வேண்டும். குழந்தையை எடை போட வந்ததாகச் சொல்ல வேண்டும். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குக் கூப்பிட்டால் ஊசி. கூப்பிடாவிட்டால் எடையை எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இவ்வளவுதான்.

அறுபத்திரண்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. மூன்றாவது பிரசவத்தில் அவள் கர்ப்பப்பை கிழிந்தது. ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்று பெரிய மருத்துவமனை எழுதியே கொடுத்தது. அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. இரண்டாவது பெண் பிறந்தபோதே, "உனக்கு ஆகலைன்னா சொல்லிடு, என் பையனுக்கு வேற பார்த்துக்கறேன்" என்று சொன்னவர் அந்த மாமியார். இனி பிள்ளையே ஆகாது என்று தெரிந்தால் மூன்று பெண்களோடு தன்னைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்று பயந்து மறைத்தாள்.

கடைசி ஊசி டிசம்பர் 4. பதின்மூன்று வாரம் மார்ச் 5-ல் முடிந்தது. அதற்கு மேல் நான்கு வாரம் தாங்கும். ஏப்ரல் 2 கடைசி நாள். என்னோடு சண்டை போட உனக்கு நேரமில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தைத்த சட்டைகளை, வேலை கொடுக்கிற ஏஜென்டின் அறையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். தனியாகத்தான் வருவாள். அங்கே பார்.

நெட்டை

*

மார்ச் 16

நெட்டைக்கு,

போனேன். ஏஜென்ட் அறையில் ஒன்பதரைக்கே போய், பொத்தான் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குச் சட்டைக் கட்டோடு வந்தது மாமியார். என்னைப் பார்த்ததும் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னம்மா, இங்கேயும் ஊசியா? இந்தா, நாற்பது சட்டை இருக்கு, எல்லாத்துக்கும் போடு!" என்றார். தையல்காரர்கள் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. இனிமேல் கட்டைக் கொண்டு வருவதும் வாங்கிப் போவதும் அந்தம்மாதானாம். அவள் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வருவதில்லை என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

சூப்பர்வைசரிடம் போனேன். "ஒரு ஆள் விட்டுப் போனா இப்படிக் குதிக்கிறே? ரெண்டு புது ஆளைச் சேர்த்துவிடு, எண்ணிக்கை சரியாயிடும்" என்றார். சுவரில் அவர் தலைக்கு மேலே சிரிக்கிற குடும்பத்தின் படம். அதைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வரத் தோன்றியது.

இப்போது உன்னைக் கேட்கிறேன். சித்தப்பா கதையெல்லாம் பொய். அன்று மதியம் சூப்பர்வைசர்தான் என்னை ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி உட்காரவைத்தார். அதை விடு. நீ ஏழு வருடம் செய்தது என்ன? தராசு, பென்சில் வட்டம், உள்ளறை! ஒரு பெண் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிற மருந்தை, திருட்டு நகையை ஒளித்து வைக்கிற மாதிரி ஒளித்து வைக்கப் பழக்கிவிட்டாய். அதனால்தான் நான் வாயைத் திறந்த அன்றைக்கு அவள் திருடியாகிவிட்டாள். நாலு வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த ஆளிடம், "உன் பெண்டாட்டி செத்துப்போவாள்டா" என்று சொல்லியிருந்தால்? மரக்கட்டையா அவன்? நம் வகுப்பில் ஆண்களுக்கான ஆபரேஷன் பற்றிப் பாடம் எடுத்த அன்று மழை என்று பாதியில் விட்டார்கள், நினைவிருக்கிறதா? அதோடு சரி. ஆண்கள் பக்கம் போக நம் எல்லோருக்கும் மழைதான்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் அவன் வெல்டர் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சொல்லப்போகிறேன். இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. உன் பதிலுக்காக வெள்ளி வரை காத்திருக்கிறேன். அதற்கு மேல் முடியாது.

வத்தி

*

மார்ச் 20

வத்தி,

சொல்லாதே.

என் இரண்டாவது வருடம். பதினெட்டாம் எண் வீடு. நானும் அப்போது உன்னை மாதிரிதான் இருந்தேன், வாய் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அந்த வீட்டுப் புருஷனிடம் உட்கார்ந்து, படம் போட்டுக் காட்டி, அரை மணி நேரம் பேசினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். "நல்லது சொன்னீங்க மேடம்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். மறுநாள் அவளை எலும்பு முறிவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். "விழுந்துட்டேன்" என்று டாக்டரிடம் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். அவள் வலது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அந்த வாரம்தான் பென்சிலை எடுத்தேன்.

நீ எழுதியது எனக்குப் புரியாமல் இல்லை. ஒளித்து வைத்தால் திருடி, சொன்னால் அடி. இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டியது அவள். நீயும் இல்லை, நானும் இல்லை. அறுபத்திரண்டாம் வீட்டு வெல்டர் கை நீட்டுகிறவன் இல்லை, நல்லவன் என்றே அவள் சொல்வாள். இருக்கலாம். அப்படியிருந்தும் அவனிடம் சொல்லவில்லையே, ஏன்? அவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியுமா? அவனோடு வாழ்கிறவள் அவள். நீ மூன்று வாரம் முன்பு வந்தவள்.

அவள் ரகசியம் அவளுடையது. நம்மிடம் கொடுத்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டில் இஸ்திரி போடும் அம்மா நம்பகமானவர். அவர் மூலமாகக் கேட்டுவிடு: என்ன செய்யட்டும், எங்கே வரட்டும் என்று. அவள் சொல்கிறபடி செய். பதின்மூன்று நாள் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

நெட்டை

*

மார்ச் 23

நெட்டைக்கு,

இதைப் படித்ததும் திட்டப்போகிறாய். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இஸ்திரி அம்மாவிடம் போனேன். "நான் அந்த வீட்டுப் பக்கம் போயே ரெண்டு வாரம் ஆச்சு. துணி குடுக்கறதை நிறுத்திட்டாங்க. உன்னால என் பொழப்பும் போச்சு" என்றார். சனிக்கிழமை ஏஜென்ட் அறையில் மறுபடியும் மாமியார். மத்தியானம் அந்தத் தெருவில் நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் மட்டும் பிறகு ஓடியது. பட்டறைக்கு.

உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் போனேன். வெறுமனே, "அவங்களை ஒரு தடவை நிலையத்துக்கு அனுப்புங்க" என்று கேட்கலாம் என்று.

ஒரு பஸ்ஸின் எலும்புக்கூட்டுக்கு அடியிலிருந்து முகமூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "நீங்கதானா அந்த ஊசி அம்மா?" என்றான். சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தன், "மாப்ளே, உனக்கும் ஒண்ணு போட வந்திருக்காங்க போல" என்றான். பெரிய சிரிப்பு. எனக்கு மண்டைக்குள் ஏறியது. பையிலிருந்து ஆணுறைப் பெட்டியை எடுத்து, சுத்தியலும் ஆணியும் கிடந்த பலகையில் டக்கென்று வைத்தேன். "உங்களுக்கு ஊசி வேண்டாம், இது போதும். எடுத்துக்கோங்க" என்றேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். (திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டேன். பெட்டி பாதி காலி.)

அவன் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "ஊசி போட்டுக்கிட்டது கூடப் பரவாயில்லங்க. நாலு வருஷம். தினமும் என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல. நான் என்ன, தெருவுல போறவனா?" என்றான். கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தான். அடிக்கிறவனைப் பார்க்கப் போனேன். அழுகிறவன் நின்றான்.

அப்போதுதான் என் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. "மூணாவது பிரசவத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில அவங்களுக்கு ஒரு காகிதம் குடுத்தாங்க. அது எங்கேன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை, நெட்டை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் அது பாதி சொன்ன மாதிரிதான் என்று பட்டறை வாசலைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. நேற்று மாலை அந்த வீட்டில் பெரிய சத்தம் என்று இஸ்திரி அம்மா ஆள் அனுப்பிச் சொன்னார். எந்தக் காகிதம், எங்கே வைத்திருக்கிறாய் என்று தாயும் மகனும் பீரோவைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவே இல்லையாம்.

இன்னொன்று. போன கடிதத்தில் பொய் சொன்னேன். சித்தப்பாவிடம் கேட்டது உண்மை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், பக்கத்தில் எங்காவது போடுங்கள் என்று கேட்டேன். எந்த இடம், யாருடைய இடம் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் இருக்கிறது. காகிதம் எங்கே என்று உனக்குத் தெரியுமா?

வத்தி

*

மார்ச் 27

வத்தி,

இரண்டு முறை கிழித்துவிட்டு மூன்றாவது முறை எழுதுகிறேன்.

ஒரு தடவை தெரியாமல் செய்தாய். இரண்டாவது தடவை, செய்யாதே என்று எழுதிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு செய்தாய். அவன் அழுதான் என்பதற்காக நீ உருகிவிட்டாய். நாலு வருடம் சத்தம் வராமல் அழுதவள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பொதுஜனத்துக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற எல்லோரும் கடைசியில் வீட்டுத் தலைவனைத் தேடிப் போய்த்தான் பேசுகிறார்கள். நீயும் அதையே செய்தாய்.

காகிதம் எங்கே என்று கேட்டாயே. என்னிடம்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் பூட்டு போட்டு வைக்க அவளுக்கென்று ஒரு டப்பாகூட இல்லை. நூல்கண்டுப் பெட்டியைக் கூட மாமியார் கிளறிப் பார்ப்பார். "நீங்க வெச்சுக்கோங்கக்கா" என்று என்னிடம் கொடுத்தாள். நிலையத்து அலமாரியில் என் கோப்புக்குள் வைத்திருந்தேன். மாறுதல் அன்று கோப்புகளை அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் உயிர் எழுதியிருக்கிற காகிதம் ஒரு மாதமாக என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இதோடு முடியவில்லை. அன்று நான்கு மணிக்கு மேலும் எனக்கு அரை மணி நேரம் இருந்தது. வட்டம் என்றால் என்ன என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். பேனாவைக் கையில் எடுத்தேன். மூடி வைத்தேன். நீ திணற வேண்டும் என்று நினைத்தேன். உன்னைத்தான் நினைத்தேன். அந்தப் பதினான்கு பேரை நினைக்கவில்லை. இதை இந்த ஒரு மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

காகிதத்தை இந்த உறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். மேலே அவள் பெயர். நிலையத்து முத்திரையைக் குத்து. வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போ. ஒளிந்து போகாதே, அந்தக் காலம் முடிந்துவிட்டது. உங்களுக்கு ஒரு தபால், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல். அவள் கையில் மட்டும் கொடு. பிரிப்பதும் கிழிப்பதும் அவள் இஷ்டம். யார் எது கேட்டாலும் வாயைத் திறக்காதே. உன்னால் முடியுமா என்று தெரியவில்லை. முடிய வேண்டும்.

உன் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

நெட்டை

*

மார்ச் 30

நெட்டைக்கு,

நேற்று ஞாயிறு, காலை பதினொரு மணி. கதவைத் திறந்தது மாமியார். பையைக் கொண்டு போகவில்லை. உறையும் ஒரு பேனாவும் மட்டும்.

"தபால். உங்க மருமகளுக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

"என்கிட்ட குடு."

"பேர் யாருதோ அவங்க கையிலதான்."

வெல்டர் எழுந்து வந்தார். அவரும் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு என்று எழுதுவார்களே, உண்மையிலேயே கடித்துக்கொண்டேன், இன்றைக்கும் சாப்பிட்டால் எரிகிறது. மூன்று பேரும் அந்த வாசலில் அப்படியே நின்றோம். கடைசியில் உள்ளிருந்து அவள் வந்தாள். கையெழுத்துப் போட்டாள். பெரிய எழுத்தில், நிதானமாக, முழுப் பெயரும். உறையை வாங்கி, மேலே இருந்த உன் கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்விட்டாள்.

"என்ன அது?" என்று கேட்டார் வெல்டர். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். உறையைப் பிரித்தாளா, அடுப்பில் போட்டாளா, தெரியாது. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று காலையிலிருந்து ஒன்பது வீடு ஏறிவிட்டேன். ஒன்பதிலும் தராசைத்தான் முதலில் எடுத்தேன். கோபமாகத்தான் வருகிறது, உன்மேல் இல்லை. தராசைத் தூக்கிக்கொண்டு போனால்தான் திறக்கிற கதவுகள்மேல்.

இன்னும் மூன்று நாள்.

வத்தி

*

ஏப்ரல் 2

நெட்டைக்கு,

வண்டி திங்கட்கிழமைதான். ஆனால் இன்றைக்கே எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

இன்று வெளியே போகவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துப் பார்த்து, பிரசவ அறை நர்ஸ் அக்காவே, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களா என்ன?" என்று கேட்டுவிட்டார்.

பதினொன்று பத்துக்கு அவள் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. நேராக உள்ளே வந்தாள். நான் எழுந்தேன். என் மேசையைத் தாண்டி நர்ஸ் அக்காவிடம் போனாள்.

"ஊசி போடணும். மூணு மாச ஊசி. இன்னிக்குக் கடைசி நாள்."

"இந்தப் பொண்ணுதான் அதுக்கு" என்று என்னைக் காட்டினார் அக்கா.

"வேண்டாம். நீங்க போடுங்க."

"அதுவும் நல்லாத்தான் போடும்மா."

"போடும். பேசவும் பேசும்."

நெட்டை, நான் வாங்கின அடியெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. அக்கா என்னைப் பார்த்தார். மருந்துக் குப்பியையும் பதிவேட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். கதவைச் சாத்தும்போது அக்கா கேட்டது காதில் விழுந்தது: "வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"வெளியில நிக்கிறார். அங்கேயே நிக்கட்டும்."

நின்றுகொண்டுதான் இருந்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேலைச் சட்டையோடு. நான் போய் அந்தப் பக்கத் தூணோரம் நின்றேன். இரண்டு பேரும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வகுப்புக்கு வெளியே நிறுத்தின பிள்ளைகள் மாதிரி.

அவரே பேச ஆரம்பித்தார். "நான் கூட்டிட்டு வரல. அவளாத்தான் கிளம்பினா. அம்மா வாசலை மறிச்சு நின்னாங்க. 'ஒதுங்குங்க'ன்னா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அம்மாகிட்ட அவ அப்படிப் பேசி நான் கேட்டதில்ல."

தூணில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீஸைப் படிக்கிற மாதிரி நின்றேன்.

"அந்தக் காகிதத்தைத் திங்கக்கிழமை படிச்சுக் காட்டினா. செவ்வாய்க்கிழமையும் படிச்சா. நேத்தும் படிச்சா. எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, ஒரு எழுத்து விடாம. அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு துணியெல்லாம் எடுத்துக் கட்டி வெச்சிருக்காங்க. அவ, சரி போயிட்டு வாங்கன்னுட்டா." கைப்பிடியில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டினார். "என்கிட்ட இன்னும் பேசல. படிக்கிறா, அவ்வளவுதான். நான் அப்படி என்னங்க செஞ்சேன்?"

பதில் என்னிடம் நிறைய இருந்தது. உனக்குத் தெரியுமே, ஒரு மணி நேரத்துக்கு இருந்திருக்கும். அம்மா, "வேற பார்த்துக்கறேன்" என்று சொன்ன அன்றைக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டிருப்பேன். ஆண்களுக்கும் ஓர் ஆபரேஷன் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை, பட்டறைக்கு ஒரு வாரம் லீவு போட்டால் போதும் என்று சொல்லியிருப்பேன். எல்லாம் சரியான பதில்தான். ஆனால் அதையெல்லாம் சொல்லச் சொல்லி அவள் என்னைக் கேட்கவில்லை.

"வலிக்குமா அந்த ஊசி?" என்றார்.

"கொஞ்சம்."

"அடுத்தது எப்போ?"

ஜூலை இரண்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அவங்களையே கேளுங்க" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவர் சைக்கிளைப் பின்னால் இழுத்தார், நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அவள் நடந்து போக வழி விட்டோம்.

வத்தி